தொட்டியில் ஒரு முட்டைக்கோஸ்: செலவும் வரவும்

மழைக்காலம் முடியும் தறுவாயில் நம் பெருநகரங்களின் நாற்றுப் பண்ணைகள் களைகட்டத் தொடங்குகின்றன. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் ஆகியவற்றின் நாற்றுகள் குழித்தட்டுகளில் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே வளர்ப்புப் பைகளும் தென்னைநார்க் கட்டிகளும் மண்புழு உர மூட்டைகளும் விற்பனைக்குக் காத்திருக்கின்றன. வீட்டிலேயே விளைவித்தால் காய்கறிச் செலவு வெகுவாகக் குறையும் என்ற உறுதிமொழியும் அவற்றோடு சேர்த்தே விற்கப்படுகின்றது.

சேமிப்பு என்ற சொல்லை எவர் சொன்னாலும் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்ப்பது வங்கியோடு உறவுடைய நம் அனைவரின் வழக்கம். இந்த உறுதிமொழியையும் அவ்வாறு பார்ப்பதே முறை. நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். மொட்டைமாடித் தொட்டியில் முட்டைக்கோஸ் வளர்ப்பதால் பணம் மிச்சமாவதில்லை. ஆயினும் ஒருமுறையேனும் ஒவ்வொரு குடும்பமும் அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் முரண்பட்ட கூற்றுகள் அல்ல என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்துப் பைகளின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். வாசகர்கள் தத்தம் ஊர் விலையை இட்டு நிரப்பிக் கொள்ளலாம்.

ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் கொண்ட பத்து வளர்ப்புப் பைகள், பை ஒன்று ₹50 வீதம் ₹500. அவற்றை நிரப்பும் மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய உரக் கலவை, பைக்கு ₹120 வீதம் ₹1,200. பூச்சி வலை ₹300. நாற்றும் வேப்பம் புண்ணாக்கும் வேப்ப எண்ணெயும் ஆண்டுக்கு ₹200. பையும் வலையும் மூன்றாண்டு உழைக்கும் எனக் கொள்வோம். கலவைக்கும் மூன்றாண்டு ஆயுளைக் கொடுத்து, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் புது உரம் சேர்க்க ஆண்டுக்கு ₹200 ஒதுக்குவோம். எல்லாவற்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஆண்டுச் செலவு ஏறத்தாழ ₹1,000 ஆகின்றது.

இனி வரவு. ஓரடிப் பையில் ஒரு முட்டைக்கோஸ்தான் வளரும். இரண்டை நட்டால் இரண்டும் சரியாகத் திரளா. பத்தில் இரண்டு பூச்சிக்கோ அழுகலுக்கோ போய்விட்டதென்று வைத்தால் எட்டு தேறும். ஒவ்வொன்றும் ஒரு கிலோ என்றால் எட்டுக் கிலோ. ஆக, கிலோவுக்கு ₹125 அடக்கம். கடையில் அதே முட்டைக்கோஸ் ₹30-க்கும் ₹40-க்கும் கிடைக்கும் நாளில் இது இலாபக் கணக்கு அன்று.

பையும் வலையும் கலவையும் ஆண்டு முழுவதும் பயன்படுபவை, எஞ்சிய மாதங்களில் கீரையும் வெண்டையும் போடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முட்டைக்கோஸின் தலையில் எழுதினாலும் அடக்கவிலை கிலோவுக்கு ₹58 அளவில் வந்து நிற்கின்றது. நாம் இன்னும் நீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்றாலும், நட்டதிலிருந்து அறுவடை வரையிலான 75 நாளில் பத்துப் பைகளுக்கு 750 லிட்டர் ஆகும். உழைப்பையும் சேர்க்கவில்லை. நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் அதே 75 நாளில் பன்னிரண்டரை மணி நேரம். எட்டு முட்டைக்கோஸுக்குப் பன்னிரண்டரை மணி நேர உழைப்பு.

எனவே, காய்கறிச் செலவைக் குறைக்கும் வழி என்று எண்ணி விலையுயர்ந்த தோட்டத் தொகுப்புகளை வாங்குவோர், குறிப்பாக அவற்றைத் தவணையில் வாங்க நினைப்போர், சற்று நின்று யோசிப்பது நல்லது. பொழுதுபோக்குக்குச் செலவிடுவது தவறன்று. பொழுதுபோக்கை முதலீடு என்று பெயர் மாற்றி எழுதுவதுதான் தவறு.

இலை தருவன, தலை தருவன

கடுகுக் குடும்பம் விந்தையான குடும்பம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், கேல் கீரை ஆகிய அனைத்தும் தாவரவியல்படி ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பியக் கடலோரங்களிலும் மத்தியதரைக் கடற்பகுதியிலும் தழைத்த ஒரு காட்டுச் செடியிலிருந்து, உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய வடிவங்கள் அவை. நுனிமொட்டைப் பெருக்கினார்கள், முட்டைக்கோஸ் ஆயிற்று. தண்டைப் பருக்கவைத்தார்கள், நூல்கோல் ஆயிற்று. பூங்கொத்தைத் திரட்டினார்கள், காலிஃபிளவர் ஆயிற்று. கடுகும் முள்ளங்கியும் டர்னிப்பும் இவற்றுக்குப் பங்காளி முறை.

தொட்டியில் வளர்ப்போர் இக்குடும்பத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நன்று. ஒன்று, தலை தருவன. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் இவ்வகை. மூன்று மாதம் இடத்தை அடைத்து நின்று ஒரேயொரு நாளில் முழு விளைவையும் தருவன. வைப்புத்தொகை போன்றவை, முதிர்வுக்கு முன் எடுத்தால் பயனில்லை, இடையில் இடர் வந்தால் எல்லாமே போகும். மற்றொன்று, இலை தருவன. கடுகுக்கீரை, கேல், முள்ளங்கிக் கீரை ஆகியன இவ்வகை. விதைத்த ஒரு மாதத்துக்குள் பறிக்கத் தொடங்கலாம். வெளி இலைகளை மட்டும் கிள்ளி எடுத்தால் செடி மீண்டும் தழைக்கும். சேமிப்புக் கணக்கு போன்றவை. தேவைக்கு ஏற்பச் சிறிது சிறிதாக எடுத்துக் கொள்ளலாம்.

இந்த உண்மையை நம் நாட்டின் வீட்டுத் தோட்டங்கள் நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றன. காஷ்மீரத்துச் சமையலில் நாள்தோறும் இடம்பெறும் ஹாக் என்னும் கீரை, தலை திரளாத இக்குடும்பச் செடிதான். வீட்டுக் கொல்லையிலும் தால் ஏரியின் மிதக்கும் தோட்டங்களிலும் வளரும் அதை இலை இலையாகப் பறித்துச் சமைக்கின்றார்கள். பஞ்சாபின் குளிர்கால உணவில் கடுகுக்கீரைக் கடைசலுக்கும் மக்காச்சோள ரொட்டிக்கும் உள்ள இடம் அனைவரும் அறிந்தது. அசாமில் லாய் என்னும் அகன்ற இலைக் கடுகுக்கீரை வீட்டுத் தோட்டத்தின் செல்லப்பிள்ளை. இவர்கள் எவரும் சிறு நிலத்தில் பெருந்தலைக்குக் காத்திருக்கவில்லை. இலையைக் கிள்ளி உலையில் இட்டார்கள்.

ஆதலால் பத்துப் பை வைத்திருப்போருக்கு நம் பரிந்துரை இது. ஏழு பைகளை இலைக்கும் முள்ளங்கிக்கும் நூல்கோலுக்கும் கொடுங்கள். ஓரடிப் பையில் நான்கைந்து முள்ளங்கி ஒன்றரை மாதத்துக்குள் திரண்டுவிடும். கிழங்கோடு கீரையும் கிடைக்கும். நூல்கோல் நட்ட ஐம்பது, அறுபது நாளில் அறுவடைக்கு வரும். எஞ்சிய மூன்று பைகளில் முட்டைக்கோஸோ காலிஃபிளவரோ நடுங்கள். அந்த மூன்று வயிற்றுக்காக அல்ல, அறிவுக்காக.

காலம் தவறினால் காசும் தவறும்

தலை தருவனவற்றில் தோல்விக்குத் தலையாய காரணம் உரமும் அன்று, நீரும் அன்று, காலம்தான். முட்டைக்கோஸ் நன்கு திரள 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. காலிஃபிளவரோ இன்னும் கண்டிப்பானது. ஒவ்வொரு இரகமும் தனக்குரிய வெப்பநிலை வந்தால்தான் பூவைத் திரட்டும்.

காலிஃபிளவர் இந்நாட்டுக்கு வந்த கதையே இதற்குச் சான்று. 1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து அதன் விதை சஹாரன்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தது என்று வேளாண் நூல்கள் குறிக்கின்றன. குளிர்நாட்டுச் செடி கங்கைச் சமவெளியின் வெப்பத்தில் முதலில் தடுமாறியிருக்கும். ஆனால் நம் உழவர்கள் ஆண்டுதோறும் வெப்பத்தைத் தாங்கிப் பூத்த செடிகளிலிருந்தே விதை எடுத்து எடுத்து, இந்தியக் காலிஃபிளவர் என்ற தனி வகையையே உருவாக்கிவிட்டார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் வெளியிட்ட பூசா தீபாலி போன்ற முன்பருவ இரகங்கள் அந்த மரபில் வந்தவை. முன்பருவ இரகங்கள் 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலும் பூ திரட்டும். ஸ்னோபால் வகைக்கோ 10 முதல் 16 டிகிரிக் குளிர் வேண்டும்.

இந்த வேறுபாடு தெரியாமல், பாக்கெட்டின் மேலுள்ள வெள்ளைப் பூவின் படத்தை மட்டும் பார்த்து விதை வாங்குவோர் நிலை என்னவாகும்? தில்லியில் உள்ளவர் ஸ்னோபால் விதையை ஆடி மாதத்தில் விதைத்தால் இலைக்காடு மட்டுமே மிஞ்சும். முன்பருவ இரகத்தைக் காலந்தாழ்த்தி நட்டால் செடி வளரும் முன்பே சட்டைப் பொத்தான் அளவில் பூ வைத்து நின்றுவிடும். மும்பையிலும் சென்னையிலும் குளிர்காலமே மிதமானது. அங்குள்ளோர் வெப்பம் தாங்கும் முன்பருவ இரகங்களையே நாட வேண்டும். பெங்களூரில் உள்ளோருக்கு இயற்கை சற்றுத் தாராளம் காட்டியிருக்கின்றது. முள்ளங்கியில் பூசா சேத்கி இரகம் கோடையிலும் விளையும் என்பதால், நான்கு ஊராருக்கும் அது கைகொடுக்கும்.

நகர்ப்புறத் தோட்டங்களை ஊக்குவிக்கப் பல மாநில அரசுகள் மானிய விலையில் பையும் விதையும் தருகின்றன. தமிழ்நாட்டின் மாடித்தோட்டத் திட்டமும் பீகாரின் மொட்டைமாடித் தோட்டத் திட்டமும் அவற்றுள் அடங்கும். வரவேற்கத்தக்க முயற்சிகள். அவற்றோடு ஒரு வேண்டுகோளையும் வைக்கின்றோம். தொகுப்போடு அந்தந்த மாவட்டத்துக்கான விதைப்புக் கால அட்டவணை ஒன்றையும் சேர்த்துத் தர வேண்டும். அறுபது பைசாவில் அச்சிடக்கூடிய அந்தத் தாள், அறுநூறு ரூபாய்த் தொகுப்பு வீணாகாமல் காக்கும்.

பையும் பாரமும்

ஓரடிப் பை நிறைய இருபது லிட்டருக்கு மேல் கலவை கொள்ளும். தோட்டமண் மிகுந்த கலவையாயின், நனைந்த பை ஒன்றின் எடை 25 கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பைகளை நெருக்கி வைத்தால் 225 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதிகள் வகுத்துள்ள வடிவமைப்புப் பாரமோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோதான். நெருக்கி அடுக்குவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பைகளை உத்தரங்களும் சுவர்களும் செல்லும் ஓரங்களில் பரவலாக வைப்பதும், தென்னைநார்க் கழிவு மிகுந்த இலேசான கலவையைப் பயன்படுத்துவதும் அறிவுடைமை. பழைய கட்டடமாயின் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிடுவது இன்னும் நன்று. வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிய கூரையை முட்டைக்கோஸுக்காகப் பணயம் வைக்கலாகாது.

இக்குடும்பச் செடிகள் பெருந்தீனிக்காரர்கள். இலை பெருக்கத் தழைச்சத்து வேண்டும். நட்ட மூன்றாம் வாரத்திலும் தலை திரளத் தொடங்கும்போதும் மக்கிய உரத்தை மேலிட்டு மண் அணைக்க வேண்டும். வங்காளத்திலும் வட இந்தியாவிலும் கடுகுப் புண்ணாக்கை நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து, பின்னர் நன்கு நீர் கலந்து ஊற்றுவது பழக்கம். தென்னாட்டில் கடலைப் புண்ணாக்கு அந்த வேலையைச் செய்கின்றது. காலிஃபிளவரின் தண்டு உள்ளே கூடாகிப் பூ பழுப்பேறினால் போரான் குறைவு என்று கொள்ளலாம். மிகச் சிறிதளவு போராக்ஸ் போதும். மிஞ்சினால் அதுவே நஞ்சு. நீர் ஊற்றுவதில் ஒழுங்கு வேண்டும். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாய் ஊற்றினால் திரண்ட தலை வெடித்துவிடும்.

தொட்டிக்கு ஓர் உண்மையான மேன்மையும் உண்டு. இக்குடும்பத்தைத் தாக்கும் நோய்களுள் கொடியது வேர்வீக்க நோய். வேர்கள் முண்டும் முடிச்சுமாகப் பருத்து, செடி பகலில் வாடிச் சாகும். நோய்க்கிருமியின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து மீண்டும் தாக்கும். நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைகளிலும் இந்நோய் காணப்படுகின்றது. நிலத்து விவசாயியால் தன் வயலின் மண்ணை மாற்ற இயலாது. தொட்டி வைத்திருப்பவரோ அந்த ஒரு பையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். இது எவ்வளவு பெரிய வசதி என்பதை உணரும்போதே, அந்த வசதி இல்லாதவரின் நிலையும் நமக்குப் புரிகின்றது.

ஓட்டை விழுந்த இலை சொல்வது

நட்ட சில வாரங்களில் முட்டைக்கோஸ் இலையில் சல்லடைக் கண்கள் தோன்றும். அடிப்புறத்தைத் திருப்பினால் பச்சை நிறத்தில் சிறு புழு நெளியும். தொட்டால் நூலில் தொங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. உருவம் சிறிதாயினும் பூச்சிக்கொல்லி வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. 1950-களில் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் டி.டி.டி. மருந்துக்கு அது எதிர்ப்பாற்றல் பெற்றது. பிற்காலத்தில் பி.டி. என்னும் நுண்ணுயிர் மருந்தையும் வயல்வெளியிலேயே எதிர்த்து நின்ற முதற்பூச்சி என்ற பெயரையும் பெற்றது. மருந்தைக் கூட்டக் கூட்டப் பூச்சி வலுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

மாடியில் பத்துச் செடி வைத்திருப்பவர் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துப் புழுவைக் கையால் எடுத்துவிடலாம். நட்ட அன்றே மெல்லிய வலையால் மூடினால் அந்துப்பூச்சி முட்டையிடவே வழியில்லை. அசுவினி ஒட்டினால் நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். மிஞ்சினால் வேப்ப எண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். வயலுக்கும் நல்வழிகள் உண்டு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு இடையே கடுகை விதைக்கும் முறையைப் பரிந்துரைத்தது. இருபத்தைந்து வரிசை முட்டைக்கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு. அந்துப்பூச்சி கடுகை விரும்பி அதில் முட்டையிடும். கடுகில் மட்டும் மருந்திட்டால் போதும். மாடியிலும் ஒரு பையில் கடுகு விதைத்து இதைச் சோதிக்கலாம்.

ஆயினும் பல ஏக்கரில் பயிரிட்டு, கடன் தவணையும் கூலியும் தலைமேல் நிற்க, ஒரு வாரத்தில் வயல் முழுவதும் சல்லடையாவதைப் பார்க்கும் விவசாயி மருந்துத் தெளிப்பானை எடுப்பது ஏன் என்பதை இந்த ஓட்டை இலை நமக்குச் சொல்கின்றது. அந்த முடிவில் நமக்கும் பங்குண்டு. கடையில் நின்று இலையில் ஒரு துளை இருந்தாலும் அந்தக் காயை ஒதுக்கிவிட்டு, பளிங்குபோல் இருப்பதைத் தேடி எடுப்பது நாம்தான். துளையற்ற இலையைக் கேட்டுவிட்டு நஞ்சற்ற உணவையும் கேட்பது ஒரே மூச்சில் இரு வேறு பொருளைக் கேட்பதாகும்.

கிலோ ஒரு ரூபாய்

மாடியில் விளைந்த முட்டைக்கோஸின் அடக்கவிலை ₹125 என்றோ ₹58 என்றோ கண்டோம். விவசாயியின் அடக்கவிலை இதைவிட மிகக் குறைவு. பரப்பும் அனுபவமும் அவருக்குத் துணை. ஆனால் நாம் பட்ட இடர்கள் அனைத்தும் அவருக்கும் உண்டு. நமக்கு இல்லாத இன்னொரு பேரிடரும் அவருக்கு உண்டு: விலை.

2020 டிசம்பரில் பீகாரின் சமஸ்திப்பூர் மாவட்டத்தில் காலிஃபிளவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய்தான் கிடைக்கும் என்ற நிலையில், விவசாயி ஒருவர் விளைந்து நின்ற வயலை டிராக்டரால் உழுதுவிட்டார். அந்தக் காட்சி நாடெங்கும் செய்தியாயிற்று. அறுவடைக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் கட்டாத விலையில், விளைந்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் குறைந்த நட்டம் என்று அவர் முடிவெடுத்திருக்கின்றார். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் ஒரே பருவத்தில் எங்கும் ஒருசேர விளைபவை. நெடுநாள் இருப்பு வைக்க எளிதில் இயலாதவை. எனவே இவ்வீழ்ச்சி ஏதோ ஓர் ஆண்டின் விபத்தன்று. எந்தக் குளிர்காலத்திலும் நேரக்கூடியது.

வாசகர்கள் காப்பீட்டை நினைக்கக்கூடும். 2016 முதல் நடைமுறையில் உள்ள வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டப்பயிர்கள் இடம்பெறுகின்றன. மழை பொய்த்தாலோ மிஞ்சினாலோ, வெப்பம் மீறினாலோ அது இழப்பீடு தரும். விலை வீழ்ந்தால் தராது. நெல்லுக்கும் கோதுமைக்கும் உள்ளதுபோல் குறைந்தபட்ச ஆதரவு விலையும் இக்காய்களுக்கு இல்லை. மாநில அரசு கேட்டுக்கொண்டால் மத்திய அரசு தலையிடும் சந்தைத் தலையீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. கோரிக்கை எழுந்து, ஒப்புதல் வந்து, கொள்முதல் தொடங்கும்வரை காலிஃபிளவர் வெள்ளையாகக் காத்திருக்காது.

வழியே இல்லையா என்றால், உண்டு. 2020 நவம்பர் முதல் நாளன்று கேரள அரசு பதினாறு காய்கறி, கிழங்கு, பழவகைகளுக்கு அடிப்படை விலையை நடைமுறைப்படுத்தியது. உற்பத்திச் செலவோடு இருபது விழுக்காடு சேர்த்து விலையை வகுத்தார்கள். அந்தப் பட்டியலில் முட்டைக்கோஸும் இடம்பெற்றது, கிலோவுக்கு ₹11. தொகை சிறிதுதான். ஆனால் இதற்குக் கீழே விழவிடமாட்டோம் என்ற உறுதி, அடுத்த பருவத்துக்கு நாற்று வாங்கத் துணியும் விவசாயிக்கு எத்தனை பெரிது! காய்கறி மிகுதியாக விளையும் பிற மாநிலங்களும் இத்தகைய ஏற்பாட்டைத் தம் நிதிநிலைக்கு ஏற்ப ஆராய வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

நுகர்வோர் தரும் ரூபாயில் விவசாயியின் பங்கு என்ன என்பதும் எண்ணத்தக்கது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய மூன்றையும் பற்றி இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள்கள் 2024-இல் வெளிவந்தன. அப்பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்று அவை மதிப்பிட்டன. எஞ்சியது முழுவதும் இடைத்தரகரின் இலாபமன்று; போக்குவரத்து, கூலி, அழுகல், கடை வாடகை எல்லாம் அதில் அடக்கம். எளிதில் அழுகும் முட்டைக்கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் நிலைமை இதைவிடச் சிறப்பாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை.

நாம் செய்யக்கூடியவை

கொள்கைகள் அரசின் கையில் உள்ளன. நம் கையில் சில சிறு செயல்கள் உண்டு.

முதலாவது, மூன்று பைகளில் தலை தரும் காய்களையும், இடமிருந்தால் மேலும் சில பைகளில் கீரையையும் இக்குளிர்காலத்தில் வளர்த்துப் பாருங்கள். தம் ஊருக்கும் மாதத்துக்கும் ஏற்ற இரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, முதல் நாளிலிருந்து ஒரு குறிப்பேட்டில் செலவை எழுதி வாருங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். அடக்கவிலை, தேய்மானம், இடர் ஆகிய சொற்களை அவர்கள் பாடநூலில் படிப்பதைவிட ஒரு முட்டைக்கோஸிடம் விரைவில் கற்பார்கள்.

மூன்றாவது, குளிர்காலத்தில் இக்காய்களின் விலை சரியும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். காலிஃபிளவரை மெல்லிய துண்டுகளாக்கிக் காயவைக்கும் வழக்கம் வட இந்தியாவில் உண்டு. காலிஃபிளவர், டர்னிப், கேரட் மூன்றையும் சேர்த்து இடும் பஞ்சாபி ஊறுகாய் மாதக்கணக்கில் இருக்கும். மலிவுக் காலத்தில் வாங்கும் ஒவ்வொரு கூடுதல் காயும் சந்தையின் சுமையில் ஒரு துளியைக் குறைக்கும். விலை ஏறும்போது முணுமுணுப்பதற்கும் விலை விழும்போது மறந்துவிடுவதற்கும் நடுவே நமக்கு ஒரு கடமை இருக்கின்றது.

நான்காவது, இரண்டு துளை விழுந்த வெளியிலையைப் பொறுத்துக் கொள்ளுங்கள். அதைக் கிள்ளி எறிந்தால் உள்ளே இருப்பது அதே முட்டைக்கோஸ்தான். தெருவில் தள்ளுவண்டி கொண்டு வருபவரிடம் ஐந்து ரூபாய்க்காக அடம் பிடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

மொட்டைமாடித் தோட்டம் நம் மாதச் செலவைக் குறைக்காது. ஒரு காயின் விலை என்ன என்று கேட்கும் பழக்கத்தோடு, அதன் அடக்கம் என்ன என்று கேட்கும் பழக்கத்தையும் அது நமக்குத் தரும். எட்டு முட்டைக்கோஸுக்கு ₹1,000 செலவிட்ட குடும்பம், கிலோ ஒரு ரூபாய் என்ற செய்தியை நாளிதழில் படித்துவிட்டு வெறுமனே பக்கத்தைப் புரட்டிவிடாது. அந்த அறிவுக்குக் கொடுத்த விலையென்று பார்த்தால் ஆயிரம் ரூபாய் அதிகமன்று.